உண்ணி மருந்தில் ஒரு பிடி உப்பு

செல்லூர்ல சாயப்பட்டறை வச்சு இருபத்தெட்டு வருஷம் ஆச்சு. இத்தனை வருஷத்துல நான் தராசைத் தொட்டதே இல்ல. சாயப்பொடியைக் கையால அள்ளித் தொட்டியில போடுவேன், குச்சியால ஒரு கலக்கு கலக்குவேன், நிறத்தைப் பார்ப்பேன், அம்புட்டுத்தான். போன மாசம் போட்ட அதே அரக்கு இந்த மாசமும் வரும். "அண்ணன் கண்ணே தராசு"ன்னு சேலை வியாபாரிங்க சொல்லும்போது தலையைக் குனிஞ்சுக்குவேன். அடக்கமாம்! உள்ளுக்குள்ள ஒரு சுத்து பெருத்துப் போவேன்.

அந்தப் பெருமைதான் எங்க வீட்டு நாயைச் சாவு வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

நாய்னா பெரிய சாதி நாயெல்லாம் இல்ல. மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு மழையில பட்டறைக்குள்ள ஒதுங்குன தெருநாய். என் வீட்டுக்காரி அதுக்கு ஒரு இட்லி போட்டா, அது அங்கேயே தங்கிருச்சு. "வெளியே பத்துடி அதை"ன்னு முதல் நாள் கத்துனவன் நான். ரெண்டாவது வாரம் என் கட்டிலுக்கு அடியில படுத்துச்சு. அது எப்படி நடந்துச்சுன்னு வீட்ல யாரும் கேக்குறதில்ல, நானும் சொல்றதில்ல. நாங்க வீட்ல பேசுறது தமிழ் இல்ல, எங்களுக்குன்னு ஒரு மொழி உண்டு. நாய்க்கும் அதுதான் தெரியும். தெருவுல யாராவது தமிழ்ல கூப்பிட்டா திரும்பிக் கூடப் பார்க்காது.

இந்த வருஷம் வெயில் முடியுற சமயத்துல அதுக்கு உண்ணி பிடிச்சிருச்சு. காதுக்குள்ள, விரலுக்கு நடுவுல, எங்க தொட்டாலும் உண்ணி. வீட்டுக்காரி கடையில போய் உண்ணி மருந்து ஒரு பாட்டில் வாங்கிட்டு வந்தா. தண்ணியில கலந்து உடம்புல ஊத்துற மருந்து. கூடவே பொடி எழுத்துல ஒரு தாளு, அளக்குறதுக்கு ஒரு சின்ன மூடி.

ஞாயித்துக்கிழமை காலையில அவ மூடியை எடுத்துக்கிட்டு வந்து, "ஏங்க, ஒரு வாளித் தண்ணிக்கு எத்தனை மூடின்னு இதுல போட்டிருக்கு, கண்ணாடியைப் போட்டுப் படிச்சுச் சொல்லுங்க"ன்னா.

"எனக்கே அளவு சொல்லித் தர்றியா நீ? தள்ளு."

அவ மூடியை என் பக்கத்துல வச்சுட்டு மார்க்கெட்டுக்குப் போயிட்டா. எங்க கல்யாணத்துல பாதிச் சண்டை இப்படித்தான், அவ பேசாமப் போயிருவா, நான் ஜெயிச்சதா நினைச்சுக்குவேன்.

வாளியில தண்ணி பிடிச்சேன். பச்சைத் தண்ணியில சாயம் ஏறாது, சூடு வேணும். அதனால கொஞ்சம் வெந்நீர் கலந்தேன். மருந்தை ஊத்துனேன். தண்ணி வெளுத்து நீர்மோர் மாதிரி வந்துச்சு. எனக்குத் திருப்தியில்ல. இம்புட்டு வெளிறிப் போயிருந்தா எந்த உண்ணி சாகும்? இன்னும் ஊத்துனேன், கெட்டி மோர்ப் பதம் வந்த பிறகுதான் மனசு ஆறுச்சு.

அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்துற ஆளா நான்? நூல்ல சாயம் பிடிக்கணும்னா உப்புப் போடணும், பட்டறைக்குப் புதுசா வர்றவனுக்குக் கூடத் தெரியும். சாயத்துக்கு ஒரு நியாயம், மருந்துக்கு ஒரு நியாயமா? முடியில மருந்து பிடிக்க வேணாமா? சாக்குல கையை விட்டு ஒரு பிடி கல்லுப்பு அள்ளிப் போட்டேன்.

நாயைப் பிடிச்சு நிறுத்தி, துணியில முக்கி முக்கி, நூலை நனைக்கிற மாதிரி வேர்வரைக்கும் நனைச்சேன். அலசாம நிழல்ல காய விட்டேன். அது உக்காந்து உடம்பை நக்க ஆரம்பிச்சுச்சு. காலு, வயிறு, வாலுன்னு ஒரு இடம் விடல. 'குளிச்ச சுகம்டா உனக்கு'ன்னு சொல்லிச் சிரிச்சேன். சிரிச்சேங்க!

மத்தியானம் சோறு வச்சா மோந்து கூடப் பார்க்கல. ரெண்டு தடவை வாந்தி. எந்திரிச்சு நடந்தா காலு ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிச்சு. கொஞ்ச நேரத்துல சுவரோரமா அப்படியே சாஞ்சுருச்சு. வீட்டுக்காரி காதைத் தொட்டுப் பார்த்துட்டு, "ஐஸா இருக்குங்க"ன்னா. அவ குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்ல.

ஞாயித்துக்கிழமை எங்க ஏரியாவுல எந்த மிருக டாக்டரும் இல்ல. பரவையில ஒரு டாக்டரம்மா ஞாயிறும் பார்க்குறாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. ஆட்டோ பிடிச்சோம். வழி பூரா நாய் என் மடியில, சாக்கு மூட்டை கணக்கா. வீட்டுக்காரி ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"மூடியில அளந்துதான ஊத்துனீங்க?"

"ஆமா"ன்னேன். அது முதல் பொய்.

ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சா, என் கெட்ட நேரம், பெஞ்சுல சமயநல்லூர்ச் சேலை வியாபாரி உக்காந்திருக்காரு, மடியில ஒரு பொமரேனியன். "வாங்கண்ணே! நம்ம தராசுக் கண்ணு அண்ணனாச்சே!"ன்னு எந்திரிச்சு டாக்டரம்மாகிட்ட வேற என்னை அறிமுகப்படுத்தி வைக்கிறாரு. பட்டறைக்குப் பாதி வேலை குடுக்குறவரு அவருதான்.

டாக்டரம்மாவுக்கு என் மக வயசு இருக்கும். நாயை மேசையில கிடத்தி, கண்ணை விரிச்சுப் பார்த்து, நெஞ்சுல குழாயை வச்சுக் கேட்டாங்க.

"மருந்து எம்புட்டு ஊத்துனீங்கண்ணே?"

வீட்டுக்காரி என்னைப் பார்க்குறா, வியாபாரி என்னைப் பார்க்குறாரு.

"தாள்ல போட்டிருக்கிற அளவுதாம்மா. இந்த மருந்தே கலப்படம் போல."

அது ரெண்டாவது பொய். கடைக்காரன் மேலயும் கம்பெனி மேலயும் பழியைத் தூக்கிப் போட்டுட்டு நெஞ்சை நிமித்தி நின்னேன்.

"அப்ப இது உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம். ரத்தம் எடுத்துருவோம், ரிசல்ட் வரட்டும்"னு அவங்க ஊசியை எடுத்தாங்க. எடுத்தவங்க மறுபடியும் குழாயை வச்சுக் கேட்டாங்க. "காய்ச்சல்னா உடம்பு சுடணும். இது சில்லுன்னு கிடக்கு, நெஞ்சு இம்புட்டு மெதுவா அடிக்குது. ஒண்ணோட ஒண்ணு சேரலையே... டேய், இங்க பாரு, டேய்"னு கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டாங்க. நாய் அசையல.

தமிழ்ல கூப்பிட்டா அதுக்கு எங்க தெரியும்? நான் குனிஞ்சு எங்க மொழியில அதோட பேரைச் சொன்னேன். கண்ணு திறக்கல. ஆனா வாலு நுனி மட்டும் மேசையில ஒரு தட்டுத் தட்டுச்சு.

அதைக் கொல்லப் பார்த்தவன் கூப்பிடுறான், அது வாலை ஆட்டுது.

"அளக்கலம்மா. கண்ணுமட்டத்துல ஊத்துனேன். பாட்டில்ல முக்கால்வாசி காலி. வெந்நியில கலந்தேன்."

டாக்டரம்மா ஊசியைக் கீழ வச்சாங்க. "நக்குச்சா?"

"நக்குச்சு."

"நிறைய நக்கியிருக்காதே. அது கசக்குமே."

இந்த இடத்துல நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா, என் மானத்துல ஒரு கால்வாசியாவது மிஞ்சியிருக்கும். கூட ஊத்துறது யாரும் பண்ற தப்பு. மத்ததைச் சொன்னா சமயநல்லூர் வரைக்கும் சிரிப்பாங்க. வாலைப் பார்த்தேன். அது இப்ப அசையல.

"உப்புப் போட்டேம்மா. ஒரு பிடி."

"உப்பா? எதுக்கு?"

"சாயம்... மருந்து பிடிக்கட்டும்னு."

யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவல. டாக்டரம்மா அதுக்குள்ள பம்பரமா சுத்த ஆரம்பிச்சுட்டாங்க. "உப்பு ருசிக்கு உடம்பு பூரா நக்கியிருக்கு. அப்ப வயித்துக்குள்ளயும் விஷம் போயிருக்கு. இதை முதல்லயே சொல்லக் கூடாதா? சோப்புப் போட்டு அலசுங்க, சீக்கிரம்!" நானும் வீட்டுக்காரியும் நாயைக் குழாயடியில வச்சு அலசுனோம். வியாபாரி பொமரேனியனைப் பெஞ்சுக் காலுல கட்டிப்போட்டுட்டு வந்து தண்ணி ஊத்துனாரு. அப்புறம் குழாய் விட்டு வயித்தைக் கழுவி, கரி மருந்து ஏத்தி, டிரிப் போட்டு, முறிவு ஊசி போட்டாங்க. எல்லாத்தையும் சிரிஞ்சுல கோடு பார்த்துத்தான் ஏத்துனாங்க. எடை பார்த்து, கணக்குப் போட்டு, ரெண்டு தடவை சரிபார்த்து. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கிட்டு நின்னேன்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. வீட்டுக்காரி என் பக்கம் திரும்பவே இல்ல. சத்தம் போட்டுத் திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும்.

டாக்டரம்மா ஒரு பாரத்தை எடுத்து வச்சு எழுதுனாங்க. ஏதாவது மருந்து ஒத்துக்காமப் போனா மேலிடத்துக்குத் தெரியப்படுத்தணுமாம். என்ன மருந்து, எம்புட்டு அளவு, கூட வேற என்ன குடுத்தீங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டாங்க. கடைசிக் கேள்விக்கு அவங்களே "கல்லுப்பு"ன்னு எழுதிட்டு, "மருந்துல கோளாறுன்னு எழுத முடியாதுண்ணே"ன்னாங்க. கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில என் கலவையைப் பத்தி எழுத்துல கிடைச்ச ஒரே சான்றிதழ் அதுதான்.

வியாபாரி கிளம்பும்போது தோளைத் தட்டி, "அடுத்த லாட்டு நூலுக்கு ஒரு தராசு வாங்கித் தரவாண்ணே?"ன்னாரு. போகட்டும், அவரு பாடு அவருக்கு.

வெயில் சாயுற நேரம் நாய் தலையைத் தூக்குச்சு. யாரைத் தேடுதுன்னு பார்த்தேன். இட்லி போட்டு வளர்த்தவ பக்கத்துலதான் நிக்கிறா. அது கழுத்தை நீட்டி, மேசை விளிம்புல இருந்த என் கையை நக்குச்சு. அரக்கும் நீலமும் ஏறி எந்தச் சோப்புக்கும் போகாத கை. எனக்கு அழுகை வந்துருச்சு, அழுதேன், அதுல என்ன வெக்கம்.

அப்பத்தான் வீட்டுக்காரி முதத் தடவையா வாயைத் திறந்தா.

"கையைக் கழுவுனீங்களா?"

"கழுவிட்டேன்"னேன்.

சொல்லிட்டு, கையை மெதுவா இழுத்துக்கிட்டு, எந்திரிச்சுப் போய் மறுபடியும் கழுவுனேன்.