அண்ணியின் மோதிர விரல்

இன்று காலை கேட்டைச் சாத்தும்போது விரல் மாட்டிக்கொண்டது. செவிலிமேட்டில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் இரும்புக் கேட் அது. லேசாகத் தூக்கித் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழும். தூக்கிய கையைச் சரியான நேரத்தில் எடுக்க எனக்குச் சோம்பல், வேறொன்றுமில்லை. நகம் கறுத்துவிட்டது. நான் கத்தவில்லை, இந்த வயதில் கத்துவதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீரில் விரலை நீட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிறகு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்த பெண் விரலைப் பார்த்ததுமே, "மோதிரம் கீது போட்டிருந்தா மொதல்ல கழட்டிடுங்க அங்கிள், வீங்கிட்டா வராது" என்றாள். என் கையில் மோதிரம் கிடையாது. ஆனால் அதைக் கேட்டதும் அண்ணியின் கை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நாங்கள் ஊருக்குள் இருந்தோம். அண்ணன் வீட்டிலேயே தறி போட்டிருந்தார். வீடெங்கும் ஈரப்பட்டின் வாடை அடிக்கும். வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். எங்களுக்கு அப்படி ஒரு வாடை இருப்பதே தெரியாது. அண்ணனுக்கும் மூத்தவள் அக்கா. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கணவரை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். தறிக்கு வேண்டிய நூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுப்பாள். நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். டைப்ரைட்டிங் என்றால் என்னவென்று என் மகனுக்கே விளக்க வேண்டியிருக்கிறது; உங்களுக்குத் தெரிந்திருந்தால் நீங்களும் என் வயதுக்காரர்தான்.

அந்த வீட்டில் என்னுடைய உண்மையான உத்தியோகம் தூது போவது. அக்காவுக்கும் அண்ணிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சாதம் வடித்த கஞ்சியைக் கீழே கொட்டியதில் ஆரம்பித்தது என்று சொல்வார்கள். கஞ்சிக்கு யாராவது அத்தனை மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்களா? விஷயம் மோதிரம். அக்காவின் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளைக்கல் மோதிரத்தை, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், அம்மா எடுத்து அண்ணிக்குப் போட்டுவிட்டாள். அடுத்த வருடமே அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதைப் பற்றி அக்கா வாயைத் திறந்ததில்லை. அண்ணியும் அதைக் கழற்றியதில்லை. இரண்டு பேரும் ஒரே அடுப்பங்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, "உப்பு போட்டாச்சான்னு கேளுடா", "போட்டாச்சுன்னு சொல்லுப்பா" என்பார்கள். நடுவில் நான். கோபத்தைக் கொஞ்சம் வடிகட்டித்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அதற்கு ஒருவரும் சம்பளம் கொடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி ஆட்டுக்கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். மாவு வழுக்கி, தூக்கிய குழவி விரல் மேலேயே விழுந்தது. இடது கை, மோதிர விரல். நகம் ஒரு ஓரமாகப் பெயர்ந்து நின்றது. அண்ணன் காப்பித்தூளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். அவசரத்திலும் அவளுடைய வைராக்கியம் போகவில்லை. தண்ணீரில் காட்டச் சொல்லுடா, கையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுடா, நகத்தைப் பிடித்து இழுக்க வேண்டாம் என்று சொல்லுடா என்று எல்லாம் என்னிடம்தான். நானும் ஒரு முழம் தள்ளி நிற்கிறவருக்கு அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

விரல் கண்ணெதிரே பருத்துக்கொண்டு வந்தது. மோதிரம் சதைக்குள் புதைய ஆரம்பித்தது. அதைக் கழற்றச் சொல்லுடா என்றாள் அக்கா. அவ்வளவுதான், அண்ணி கையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அவங்க மோதிரம் அவங்களுக்கு வேணும்னா அப்புறமா வாங்கிக்கச் சொல்லுப்பா. இப்ப வலிக்குது."

இதை எப்படி வடிகட்டுவது? விரல் நுனி நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. விரல் போய்விடும் என்றே நினைத்தேன். அக்கா அண்ணிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"மோதிரம் எனக்கு எதுக்குடீ? வெரலு போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? கையக் குடு."

அண்ணி கொடுத்தார். சோப்பு போட்டுப் பார்த்தார்கள், தேங்காயெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், அசையவில்லை. அக்கா ஒரு பட்டு நூலை எடுத்தாள். அதன் நுனியை ஊசியின் காதுப்பக்கத்தால் மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கைப் பக்கமாக வெளியே இழுத்தாள். மீதி நூலை மோதிரத்துக்கு மேலே, விரல் நுனிப் பக்கமாக மூட்டைத் தாண்டும் வரை, குச்சியில் சுற்றுவது போல நெருக்கமாகச் சுற்றினாள். நசுங்கிய விரல் நுனியைத் தொடவில்லை. பிறகு அடியில் இருந்த நூல் நுனியைப் பிடித்துப் பிரிக்கப் பிரிக்க, மோதிரம் அந்த நூலின் மேல் ஏறி ஏறி மூட்டைத் தாண்டி வந்துவிட்டது. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் தோளைப் பிடித்திருந்தார்.

வெளியே வந்த மோதிரத்தை அக்கா பார்க்கக்கூட இல்லை. அண்ணியின் முந்தானையிலேயே முடிந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அண்ணி அழுதார். சுத்தமான வெள்ளைத் துணியைத் தளர்வாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மோதிரத்தைக் கழற்றியது நல்லதாகப் போயிற்று என்றார் டாக்டர்.

அப்புறம் ஒரு மாதம் நகத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கு எப்படி இருக்கிறது, நனைத்தாயா, வலி விட்டதா என்று. அண்ணியின் தலையை அக்காதான் வாரிவிட்டாள். பழைய நகம் தானாக விழுந்து, புது நகம் கொஞ்சம் கோணலாக முளைத்து வருவதற்குள் எல்லாவற்றையும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்னைப் பற்றிய கேலிதான் அதில் பாதி. என் தூது உத்தியோகம் போயிற்று. அந்த அடுப்பங்கரைச் சத்தம் வருடக்கணக்கில் ஓயாமல் கேட்டது.

அண்ணன் காலமானதும் வீட்டை விற்றோம். அக்கா என்னோடு இருந்து, போன வருடம் போய்விட்டாள். அண்ணி பெங்களூரில் மகனோடு இருக்கிறார். சித்திரையில் பார்க்கப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் அந்தச் சண்டையைச் சொல்லிச் சிரித்தேன். அண்ணி என்னை வேடிக்கையாகப் பார்த்தார்.

"எனக்கும் உங்க அக்காவுக்கும் சண்டையா? நாங்க எப்பப்பா பேசாம இருந்தோம்?"

அவருடைய மோதிர விரலின் கோணல் நகத்தைக் காட்டினேன். பிறவியிலேயே நகம் இப்படித்தான் என்றார். அவர்களுடைய சண்டை மறந்தால் மறந்துவிட்டுப் போகட்டும். ஆனால், அக்கா அண்ணியிடம் கையைக் கேட்ட அந்த நாளும் அதோடு போய்விட்டது.