விரிப்பைப் பார்த்து எழுதிய அறிக்கை

மருத்துவமனையில் அவரை எல்லோரும் பெட்ஷீட்டம்மா என்றுதான் அழைத்தார்கள். முப்பத்தொரு வருடம் அங்கே சலவைத் துணிப் பிரிவில் வேலை பார்த்தார். அதில் கடைசிப் பதினான்கு வருடம் மேற்பார்வையாளர். காலை ஆறரை மணிக்கு வார்டுகளில் கழற்றிய விரிப்புகள் தள்ளுவண்டியில் வந்து சேரும். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்த பிறகே சலவைக்கு அனுப்புவார். படுத்தவர் எந்தப் பக்கம் ஒருக்களித்தார், வலியில் எந்த இடத்தைப் பிடித்து முறுக்கினார் என்பதைச் சுருக்கத்தை வைத்தே சொல்லிவிடுவார். நன்றாகத் தூங்கினேன் என்று சாதித்த ஒரு நோயாளியைப் பற்றி, "பொட்டுத் தூக்கம் தூங்கல டாக்டர், ஷீட்டைப் பாருங்க" என்று இவர் சொல்ல, அதுவே உண்மையாகவும் இருந்தது. அதன் பிறகு மருத்துவர்களே இவரைக் கேட்கத் தொடங்கினார்கள்.

ஐம்பத்தெட்டாவது வயதில் ஓய்வு பெற்றார். கணவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கணவரின் தங்கை அடுத்த தெருவில் இருந்தார். ஓயாமல் பேசுவதால் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

வெளிநாடுகளிலிருந்து உதவித்தொகையில் படிக்க வரும் மாணவிகளைச் சனி, ஞாயிறு மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பங்களைச் சேர்த்துக் கொடுக்கும் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் இருந்தது. நான் அதன் செயலாளர். பெட்ஷீட்டம்மா ஓய்வு பெற்ற நான்காம் மாதம் விண்ணப்பம் கொண்டுவந்தார். 'சேர விரும்பும் காரணம்' என்ற இடத்தில், 'ஓர் அறை சும்மா இருக்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தார். வீட்டைப் போய்ப் பார்த்தேன். அறை பன்னிரண்டுக்குப் பத்தடி. ஒரு கட்டில், ஒரு மேசை, தெருப் பக்கம் ஒரு ஜன்னல், வெளி மாடிப்படிக்குத் திறக்கும் ஒரு கதவு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அனுப்பி வைத்த மாணவிக்கு வயது பத்தொன்பது. தாவரவியல் முதலாண்டு. நம் மொழியை ஓரளவு நன்றாகவே பேசுவாள். முதல் சனிக்கிழமை மூன்றாம் தேதி வந்தது. பெட்ஷீட்டம்மா புது வெள்ளை விரிப்பு வாங்கித் துவைத்து, இஸ்திரி போட்டு, மருத்துவமனை முறைப்படி நான்கு மூலையும் மடித்து மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தார்.

பார்க்க வந்த ரேடியோ சும்மா இருப்பாரா? "என்ன அண்ணி, வந்த பிள்ளைக்குப் படுக்கை விரிச்சிருக்கீங்களா, ஆபரேஷனுக்கு விரிச்சிருக்கீங்களா?"

"உனக்கு விரிக்கலல்ல? வாயை மூடு."

மறுநாள் ஐந்தரை மணிக்குப் பெட்ஷீட்டம்மா அடுப்படியிலிருந்து வந்தபோது, மாணவி ஏற்கெனவே கூடத்தில் உடுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறையில் விரிப்பு போட்டது போட்டபடி இருந்தது. ஒரு சுருக்கமில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். ராத்திரி படுக்கப் போகிறவள் படுக்கையில் படுக்கவில்லை என்றால் எங்கே போகிறாள்? வெளிப்படிக் கதவைப் பற்றிய எண்ணம் அவரை அரித்தது. அவளிடமே கேட்டிருக்கலாம். வயசுப் பிள்ளை, சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துவிடுமோ என்று கேட்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயமும் விடவில்லை.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை குடும்பத்தார் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில், 'மாணவி இரவில் வீட்டில் தங்கினாரா?' என்று ஒரு கேள்வி உண்டு. இருபத்தைந்தாம் தேதி பெட்ஷீட்டம்மா அதற்கு எதிரில், 'இல்லை, நான்கு வாரமும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். படிவம் வந்த மறுநாளே அதை உதவித்தொகை அலுவலகத்துக்கு அனுப்புவது என் வழக்கம். ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பிவிட்டேன்.

முப்பதாம் தேதி மாணவிக்குக் கடிதம் போயிற்று. வார இறுதி இரவுகளில் எங்கே இருந்தாள் என்று திங்கள்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்க வேண்டும். தவறினால் உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

சனிக்கிழமை அந்தக் கடிதத்தைப் பெட்ஷீட்டம்மாவின் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ரேடியோவும் அன்று அங்கே தங்க வந்திருந்தார்.

"நான் எங்கயும் போகல ஆன்ட்டி."

"அப்போ எங்க படுத்த?"

மாணவி கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மனுஷங்க மாத்திப் பேசுவாங்கம்மா. பெட்ஷீட் பொய் சொல்லாது."

மாணவி கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

ஞாயிறு விடிந்து, ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெட்ஷீட்டம்மா அடுப்படியில் இருந்தார். அறை ஜன்னலைச் சாத்தப் போன ரேடியோ போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும்.

"அய்யய்யோ, அண்ணி! பிள்ளை கையை மிதிச்சுட்டேன்! இங்க கீழ கிடக்குது அண்ணி, கட்டிலுக்கும் சுவத்துக்கும் நடுவுல!"

மாணவி வெறும் தரையில் ஒரு சால்வையை விரித்து, இன்னொரு சால்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். எழுந்து உட்கார்ந்து கையைத் தேய்த்தாள்.

"தினமும் இங்கதானா?" என்று பெட்ஷீட்டம்மா கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி. அஞ்சு மணிக்கு மேல தரை குளிரும். அதான் எந்திரிச்சு கூடத்துக்கு வந்துடுவேன்."

"கட்டில்ல என்னம்மா கஷ்டம்?"

போர்த்தியிருந்த சால்வையை மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள். அவளுக்குப் பதினான்கு வயதானபோது தாய் மருத்துவமனையில் இறந்துபோனார். இறந்த பிறகு தாதி ஒருவர் வந்து, இப்படித்தான் ஒரு வெள்ளை விரிப்பை நான்கு பக்கமும் இழுத்துச் செருகினார். அப்பா வரும்வரை இரண்டு மணி நேரம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"அந்த மாதிரி மடிப்பு மேல என்னால படுக்க முடியல. நீங்க பாத்துப் பாத்து விரிச்சிருந்தீங்க. உங்ககிட்ட இதை எப்படி சொல்றது?"

ரேடியோ அன்று மாலை வரை பேசவில்லை என்று பெட்ஷீட்டம்மா பிறகு என்னிடம் சொன்னார்.

இரண்டாம் தேதி திங்கள்கிழமை பெட்ஷீட்டம்மா, மாணவி, நான் மூவரும் உதவித்தொகை அலுவலகம் போனோம். மாணவியை வெளி நடையில் உட்கார வைத்துவிட்டு எங்கள் இருவரை மட்டும் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். பெட்ஷீட்டம்மா நடந்ததைச் சொன்னார். அதிகாரி படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா? நாலு வாரமும் தங்கலன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். ஷீட்டைப் பாத்து எழுதிட்டேன். பிள்ளையைப் பாக்கல."

"இப்படி எழுதறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்."

அதிகாரி கெட்டவர் அல்லர். விதியைச் சொன்னார். முதல் அறிக்கை அப்படியே இருந்தால் உதவித்தொகை போகும். அந்த அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டுமானால், 'ஆதாரமில்லாத புகார்' என்று பெட்ஷீட்டம்மா தம் கைப்பட எழுதித் தர வேண்டும். அப்படி எழுதித் தந்தவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். மாணவி வேறு வீட்டுக்கு மாற்றப்படுவாள்.

"யோசிச்சு சொல்லுங்கம்மா. அவசரமில்ல."

"யோசிக்க என்ன சார் இருக்கு? பேனா குடுங்க."

மருத்துவமனையில் தினமும் மூன்று பதிவேடுகளில் கையெழுத்திட்டவர். அவர் எழுதிய ஒரு வரிகூட அடித்துத் திருத்தப்பட்டதில்லை என்பது அவருடைய பிரிவில் எல்லோருக்கும் தெரியும். 'ஆதாரமில்லாத' என்ற சொல்லை எழுதும்போது மட்டும் கை ஒருமுறை நின்றது. பிறகு எழுதி முடித்து, ஒருமுறை படித்துப் பார்த்து, தேதி போட்டார். மணி பத்து ஐம்பது.

வெளியே வந்து மாணவியிடம் அவரே சொன்னார். "உன் படிப்புக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த சனிக்கிழமையிலேருந்து வேற வீடு. சங்கத்து சார் நல்ல இடமாப் பாத்துக் குடுப்பார்."

"ஏன் ஆன்ட்டி? நான் உங்களைப் பத்தி எதுவும் தப்பா சொல்லலையே?"

"நீ சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்."

மூவரும் பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். விடுதிக்குப் போகும் வண்டி முதலில் வந்தது. பெட்ஷீட்டம்மா மாணவியின் தோளைத் தொட்டார்.

"போற வீட்டுல எது ஒத்துக்கலன்னாலும் வாயைத் திறந்து சொல்லு. என்ன நினைப்பாங்களோன்னு முழுங்காத."

"சரி ஆன்ட்டி. நீங்களும் அடுத்து வர்ற பொண்ணுகிட்ட கதவைத் தட்டிக் கேட்டுடுங்க."

அடுத்து யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. பெட்ஷீட்டம்மா சரி என்று தலையாட்டினார். வண்டி கிளம்பியது.

அன்று மாலை பட்டியலில் அவர் பெயரை நான் நீக்கினேன். நீக்கப்பட்டவர்கள் இரண்டு வருடம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இரண்டு வருடம் முடிந்த வாரத்தில் புதுப் படிவத்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோனேன். வாங்கி முழுவதும் படித்தார். தேநீர் கொடுத்தார்.

"வேண்டாம் சார். ஒரு தடவை கேக்காம விட்டுட்டேன். போதும்" என்று படிவத்தைத் திருப்பித் தந்தார்.