லொக்கா கொண்டுவந்த சிரட்டைகள்

புளித்த றப்பர் பாலின் வாடையை ஒருமுறை மூக்கில் வாங்கியவர்கள் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அதைக் கழுவிவிட முடியாது. மரத்தில் கட்டிய சிரட்டையின் அடியில் முந்தியநாள் வடிந்த கடைசிப் பால் உறைந்து, தோலாகி, சப்பிப் போட்ட மாவுருண்டைபோலக் கிடக்கும். அதை நாங்கள் "ஒட்டுப்பால்" என்போம். கெட்டுப்போன தயிரும், ஈரச் சாக்கும், மழையில் நனைந்த சப்பாத்துச் சோடியும் சேர்ந்தால் வரக்கூடிய நாற்றம் அது. மற்றவர்களுக்குக் குமட்டும். எனக்கோ, ஐம்பதைத் தொடப்போகும் இந்த வயதிலும், அந்த வாடை வந்தால் யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று பார்க்கத் தோன்றும். களவு செய்தவனுக்குத்தான் அப்படித் தோன்றும் என்பார்கள். நான் களவு செய்யவில்லை. நெத்தலித் தலை கொடுத்தேன், அவ்வளவுதான்.

ருவான்வெல்லை பஜாரிலிருந்து பஸ் ஏறி, இறங்கி, பிறகு முக்கால் மணிநேரம் நடந்தால் வரும் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய அறை வீடுகளான எங்கள் லயம் இருந்தது. அப்பாவுக்கு றப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. ஏழாம் நம்பர் மரங்கள் அவருடையவை. மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானைத் தாண்டினால் எட்டாம் நம்பர், அது ஆறுமுகம் மாமாவுடையது. இருவரும் வெட்டி முடித்து, பால் வடியும்வரை கானின் மேட்டில் உட்கார்ந்து ஒரே போத்தலில் தேத்தண்ணி குடிப்பார்கள். எங்கள் காம்பராவும் மாமாவின் காம்பராவும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தன. இங்கே யாராவது இருமினால் அங்கே இருந்து "கொத்தமல்லி அவிச்சுக் குடி" என்று குரல் வரும்.

லயத்தில் திரிந்த ஒரு நாய்க்குப் பெயர் லொக்கா. சிங்களத்தில் பெரியவர், முதலாளி என்று அர்த்தம். யார் வைத்தது என்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்திருந்தார்கள்: காது ஒன்று மடிந்து, வால் பாதி மொட்டையாகி, எலும்பு தெரிய நடந்தாலும் அந்த நடையில் ஒரு தோரணை இருந்தது. அதற்கு உட்காரவும் கை கொடுக்கவும் முதலிலேயே வந்துவிட்டது. ஆனால் உட்காருவதும் கை கொடுப்பதும் எல்லா நாயும் செய்வதுதானே; துரை பங்களா நாய்கூடச் செய்யும். எனக்கு அதற்கு மேலே போகவேண்டும் என்ற ஆசை பிடித்துவிட்டது.

லயத்தில் நாய் பழக்குவதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரே கருவி கம்பு. நானும் முதலில் கம்பைத்தான் எடுத்தேன். லொக்கா இரண்டு நாள் கண்ணில் படவில்லை. மூன்றாம் நாள், அம்மா நெத்தலி ஆய்ந்து தலைகளை எறிந்துகொண்டிருந்தபோது வந்து, வீசப்பட்ட ஒரு தலையைப் பிடிக்கத் துள்ளி, தவறி, மல்லாக்கப் புரண்டது. நான் சிரித்துவிட்டு இன்னொரு தலையைப் போட்டேன். அது ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு வேண்டுமென்றே மல்லாக்கப் புரண்டது. அந்தக் கணத்தில் எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது என்று சொல்லலாம். அந்த விளக்கால்தான் பிறகு எங்கள் வீடு பற்றிக்கொள்ளப் பார்த்தது.

கம்பைத் தூக்கி எறிந்தேன். நெத்தலித் தலை சேர்க்க ஆரம்பித்தேன். செய்ததும் உடனே கொடுக்கவேண்டும், நாலு எட்டு நடந்துபோய்க் கொடுத்தால் நடந்ததற்குத்தான் கொடுக்கிறான் என்று அது நினைத்துக்கொள்கிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். அதற்காக நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி "டொக்" என்று ஒரு சத்தம் போடுவேன். சரியாகச் செய்த அதே நொடியில் டொக், பிறகு தலை. ஒரு வாரத்தில் லொக்கா உருண்டது. இன்னொரு வாரத்தில் என் கால்களுக்கு நடுவே எட்டுப் போட்டு நடந்தது. விரலை நீட்டி "டுமீல்" என்றால் சாய்ந்து விழுந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, செத்துக் கிடந்தது.

வீட்டில் முதல் சந்தேகம் அம்மாவுக்குத்தான் வந்தது. "இவன் தானா வந்து நெத்தலி ஆயிறேன்றான். என்னமோ இருக்கு" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. அப்போது நான் ஒரு குற்றமும் செய்திருக்கவில்லை என்பதைக் கவனிக்கவும். என் வயிறு எப்போதும் நடக்கப்போவதற்கு முன்கூட்டியே கலங்கும் வயிறு.

அடுத்த வித்தைதான் வினையாயிற்று: "கொண்டா." எறிந்ததை எடுத்து வரவேண்டும். பந்து கிடையாது. லயத்தில் உருண்டையாக, கவ்வ வசதியாக, யாரும் கேட்காமல் கிடைக்கக்கூடியது ஒன்றே ஒன்று: சிரட்டை. அம்மா சமைக்கும் குசினியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டை ஒன்றை எடுத்துவந்தேன். லொக்கா அதைப் பார்த்தால் டொக். மூக்கால் தொட்டால் டொக். பல்லில் பிடித்தால் டொக், இரண்டு தலை. தூக்கிக்கொண்டு ஓரடி வந்தால், மூன்றடி வந்தால், என் கையில் போட்டால் என்று கொஞ்சங்கொஞ்சமாக இழுத்து, பத்தே நாளில் முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கொண்டுவரச் செய்தேன். றப்பர் தோட்டத்தில், மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கும் இடத்தில், ஒரு நாய்க்குச் சிரட்டைதான் உலகத்திலேயே பெரிய பொருள் என்று நான் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது லொக்கா வாசலில் காத்திருந்தது. வாயில் சிரட்டை. எங்கள் குசினிச் சிரட்டை இல்லை. அதில் ஒட்டுப்பால் இருந்தது. நான் கேட்காமலே கொண்டுவந்திருக்கிறதே என்று பெருமையில் பூரித்துப்போய் டொக் என்று சொல்லி மூன்று தலை கொடுத்தேன். மறுநாள் இரண்டு சிரட்டை வந்தது. அதற்கு மறுநாள் மூன்று. அப்பா மத்தியானம் சேர்த்த பாலை ஒப்படைக்க ஸ்டோருக்குப் போனதும் ஏழாம் நம்பரில் ஆள் இருக்காது. லொக்காவுக்கு அதுதான் வேலை நேரம்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை அப்பாவைக் கேட்ட கேள்வி லயம் முழுக்கப் பரவியபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. "பொன்னையா, ஒன்னோட நம்பர்ல மட்டும் செரட்டைக்குக் கால் மொளைக்குதா? இல்ல, ஒட்டுப்பாலுக்கு வெளிய யாரும் ஆள் இருக்கா?" ஒட்டுப்பாலைத் திருடி வெளியே விற்கிறவன் என்று பெயர் வந்தால் பால்வெட்டுப் போய்விடும். பெயர் போனவனுக்கு எந்தத் தோட்டத்திலும் பால் வெட்டும் கத்தி கொடுக்கமாட்டார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா கையை வைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அம்மாவிடம் சொன்னார்: "ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல ஒரு கான்தானே இருக்கு. தாண்ட எம்புட்டு நேரம் ஆகும்?"

அம்மா விரலை உதட்டில் வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமவில்லை.

மறுநாளிலிருந்து இருவரும் தனித்தனியே தேத்தண்ணி குடித்தார்கள். "என்னாய்யா, மேட்டுக்கு வரல?" என்று மாமா கேட்க, "வயிறு சரியில்ல" என்று அப்பா சொன்னார். எனக்கோ உண்மையிலேயே வயிறு சரியில்லை. எடுத்தவன் யார் என்று அந்தத் தோட்டத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எடுத்தவனுக்குச் சம்பளம் கொடுத்தவனும் நான்தான். சொன்னால் லொக்காவை அடித்தே கொன்றுவிடுவார்கள் என்று நினைத்தேன். சொல்லாவிட்டால் அப்பா. நடுவில் நான் எடுத்த முடிவு என்னவென்றால், வந்த சிரட்டைகளையெல்லாம் எங்கள் வாசல் விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளித்துவைத்தது. பொலிஸ் தேடும் பொருளைத் தன் வீட்டு வாசலிலேயே அடுக்கிவைத்த புத்திசாலியை இதற்கு முன் நீங்கள் சந்தித்திருக்க மாட்டீர்கள்.

பிறகு திருப்பி வைக்கலாம் என்று தோன்றியது. புத்தகப் பையில் ஐந்தைப் போட்டுக்கொண்டு ஏழாம் நம்பருக்குப் போனேன். காய்ந்த இலை சரசரத்தால் நான் மரத்துக்குப் பின்னால். காகம் கத்தினால் நான் குப்புற. ஐந்தையும் கம்பியில் மாட்டிவிட்டு லயத்துக்கு ஓடி வந்தால், வாசலில் லொக்கா. வாயில் சிரட்டை. அதற்கு என் குறுக்குவழியைவிட நல்ல குறுக்குவழி தெரியும்.

நெத்தலியை நிறுத்தினேன். கொடுக்காவிட்டால் விட்டுவிடும் என்று கணக்குப் போட்டேன். அது நேர்மாறாக நினைத்தது: சிரட்டை போதவில்லைபோலும் என்று இன்னும் பெரியதாகப் பார்த்துக் கொண்டுவந்தது. அந்த நாட்களில் லயத்தில் யார் என்னைப் பார்த்தாலும் தெரிந்துதான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்காவிட்டால், தெரிந்துதான் பார்க்காமல் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமைப் பின்னேரம் கணக்கப்பிள்ளை லயத்தைச் சோதிக்க வந்தார். நேரே எங்கள் காம்பராவுக்குத்தான் வந்தார். பெட்டி, பானை, பாய்ச் சுருள் எல்லாம் வெளியே வந்தன. லயமே முற்றத்தில் கூடிவிட்டது. ஆறுமுகம் மாமா தன் வாசலிலேயே நின்றார். ஒன்றும் அகப்படவில்லை. கணக்கப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. உட்கார இடம் தேடினார். தேடி, விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

அதற்குப் பின்னால்தான் சிரட்டைகள் எல்லாம் இருந்தன.

"பொன்னையா, இன்னிக்கு உண்மையச் சொல்லிப்புடு. நான் தொரைகிட்டப் பேசிப் பாக்கிறேன்" என்று அவர் ஆரம்பிக்கவும், கூட்டத்துக்கு நடுவே வழி விலகியது. லொக்கா தன் தோரணை நடையில் வந்தது. வாயில் சிரட்டை. நேராக என் முன்னால் வந்து, அதை என் காலடியில் வைத்து, உட்கார்ந்து, என் வாயையே பார்த்தது.

நான் வானத்தைப் பார்த்தேன். அந்த நாயை வாழ்க்கையில் கண்டதே இல்லை என்பதுபோல நின்றேன். லொக்கா பொறுத்துப் பார்த்தது. பிறகு கை கொடுத்தது. நான் வாங்கவில்லை. உருண்டது. எழுந்து என் கால்களுக்கு நடுவே எட்டுப் போட்டது. கடைசியில், யாரும் டுமீல் சொல்லாமலே, சாய்ந்து விழுந்து செத்தது. ஒரு கண் மட்டும் என்மேல்.

லயம் சிரித்து உருண்டது. கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "ஓஹோ!" என்றார். "நாயைப் பழக்கியா களவெடுக்கிற? கை நோகாம?" சிரிப்பு அப்படியே நின்றது. அப்பாவின் முகத்தில் இரத்தமே இல்லை.

"ஐயா, நான் அந்த நாய்க்குச் சோறுகூட வச்சதில்லீங்க."

"அப்பக் கூப்புடு பாப்போம். கொண்டான்னு சொல்லு."

அப்பா சொன்னார். லொக்கா எழுந்து, அப்பாவின் கையை முகர்ந்து பார்த்தது; அதில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து என் முன்னாலேயே உட்கார்ந்தது. கணக்கப்பிள்ளையே எழுந்து ஒருமுறை "கொண்டா!" என்று அதட்டினார். லொக்கா அவரை மரியாதையாகப் பார்த்ததே தவிர அசையவில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தமுறை உண்மையிலேயே எல்லோரும்.

"கொண்டா" என்றேன். அது குரலாக வரவில்லை, காற்றாகத்தான் வந்தது. லொக்கா பாய்ந்து போனது. லயமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஏழாம் நம்பர்ப் பக்கமிருந்து ஒரு சிரட்டையோடு ஓடி வந்தது.

"அப்பாவுக்கு ஒன்னுந் தெரியாதுங்க" என்று அழ ஆரம்பித்தேன். "நான் களவெடுக்கலீங்க. நெத்தலித் தலைதான் குடுத்தேங்க." அழுதுகொண்டே விறகை இழுத்தேன். சிரட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கப்பிள்ளையின் காலடியில் உருண்டன. எல்லாவற்றிலும் ஒட்டுப்பால் அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்து. விற்கிறவன் வீட்டில் சரக்கு இப்படிக் காய்ந்து கிடக்காது என்பது அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும்.

கணக்கப்பிள்ளை ஒரு சிரட்டையை எடுத்து எறும்பைத் தட்டிவிட்டார். "நாளைக்கு ஒவ்வொன்னையும் இவன் கையாலேயே மரத்துல கட்டணும். நாய்க்குச் சங்கிலி போடுங்க" என்றார். படி இறங்கும்போது திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அந்தச் சாவுற வித்தைய இன்னொருக்காக் காட்டச் சொல்லு" என்றார். காட்டினேன்.

அப்பா என்னை அடிக்கவில்லை. விளக்கு ஏற்றும் நேரத்தில் என் கையைப் பிடித்து அடுத்த காம்பராவுக்கு இழுத்துப்போனார். ஆறுமுகம் மாமா பாயில் உட்கார்ந்து விரல்களில் ஒட்டியிருந்த பாலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒன்னையத்தான் நெனச்சேன், ஆறுமுகம்" என்றார் அப்பா. "மனசுல வச்சுக்காத."

மாமா நிமிரவில்லை. "நீ நெனச்ச. அதோட விட்டுட்ட. நீதான் எடுத்து விக்கிறன்னு நான் நெனச்சேன். கணக்கப்புள்ளகிட்டப் போய்ச் சொன்னதே நான்தான்யா."

மாமி இரண்டு கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் போனார். அப்பா உட்காருவாரா, திரும்பிவிடுவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கை என் கையை நெரித்துக்கொண்டிருந்தது. பிறகு உட்கார்ந்தார். "ஆறிரப்போகுது, குடி" என்று மாமாவிடம் சொன்னார்.

மறுபடி மேட்டில் ஒரே போத்தலில் குடித்தார்கள். ஆனால் வேலை முடிந்து புறப்படும்முன் அப்பா தன் மரங்களைத் திரும்பி ஒருமுறை பார்ப்பார். கானுக்கு அந்தப் பக்கம் மாமாவும் தன் மரங்களைப் பார்ப்பார். ஒருவர் பார்ப்பதை மற்றவர் கண்டுகொள்ளாததுபோல இருவரும் கத்தியைத் துடைப்பார்கள். அந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை. அதை நான்தான் பழக்கினேன்; நெத்தலி இல்லாமல்.

சென்ற வருடம் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஏழாம் நம்பரில் பாதியைப் பிடுங்கிவிட்டார்கள். மீதி மரங்களில் கறுப்புப் பிளாஸ்டிக் கோப்பைகள். கான் இருந்த இடம் புல்லாகிக் கிடந்தது. லயத்தில் எங்கள் பக்கம் கூரை இல்லை. ஒரு கோப்பைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மோட்டார் சைக்கிளில் வந்த இளவயதுக் காவல்காரர் ஒருவர் நிறுத்தி, சிங்களத்தில், யார், என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அதே பழைய அடிவயிறு. தேவையில்லாமல் பத்துக் காரணம் சொன்னேன். பொன்னையாவின் மகன், ஏழாம் நம்பர் என்றேன். அவருக்குப் பொன்னையாவையும் தெரியவில்லை, ஏழாம் நம்பரையும் தெரியவில்லை. இப்போது வேறு இலக்கங்களாம். நான் நடக்க, அவர் மோட்டார் சைக்கிளை மெதுவாக உருட்டிக்கொண்டு ரோட்டுவரை என் பின்னாலேயே வந்தார். பஸ் வரும்வரை போகவில்லை.

நான் யாருடைய பிள்ளை என்று அவருக்குச் சொல்ல அந்தத் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. ஆறுமுகம் மாமாவாவது உயிரோடு இருந்திருந்தால் வாசலுக்கு வந்து, "இவனா? நம்ம பொன்னையா மவன்தான் தம்பி. எதுக்கும் ஒரு கண்ணு வச்சுக்க" என்று சொல்லியிருப்பார்.