ஆறாவது ஈற்று

எனக்குக் கல்யாணமானபோது தொண்டூரிலிருந்து சிங்கவரத்துக்கு அம்மா வீட்டுச் சீராக ஒரு கிடேரி கூடவே வந்தது. அறுபதுகளின் நடுவில் அது ஆறாவது கன்று போட்டது. முந்தைய ஐந்து ஈற்றுக்கும் என்ன செய்தேனோ அதையேதான் அன்றும் செய்தேன். முதல் நாளே மடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கறந்து, தெருவில் வீட்டுக்கு ஒரு சொம்பு சீம்பால் கொடுத்தனுப்பினேன். ஒரு வீடு விட்டுப்போனாலும் வருஷக் கணக்கில் சொல்லிக் காட்டுவார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது, மறைப்பானேன்.

மறுநாள் காலையில் மாடு எழுந்திருக்கவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிப் படுத்திருந்தது. காதைத் தொட்டால் ஜில்லென்றிருந்தது. வீட்டுக்காரர் டாக்டரைக் கூட்டிவர சைக்கிளில் செஞ்சிக்கு ஓடினார். மாமியார் கண்ணு பட்டுவிட்டதென்று மிளகாய் சுற்றிப் போட்டார். நான் முதுகைத் தேய்த்தேன், வாலைப் பிடித்துத் தூக்கினேன், திட்டினேன், கெஞ்சினேன். அது அசையாமல் என்னையே பார்த்தது. எனக்கு அழுவதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மாட்டு டாக்டர் வந்து சேர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. பையிலிருந்து ஒரு பாட்டில் மருந்தை எடுத்துக் கழுத்து நரம்பில் மெதுவாக ஏற்றினார். நாங்கள் சுற்றி நின்றோம். பாட்டில் பாதி இறங்குவதற்குள் மாட்டுக்கு மூச்சு நின்றுவிட்டது. அவர் ஊசியை உருவிவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார்.

"அதுக்கு இன்னாங்க வந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர்.

"பால்ல சுண்ணாம்புச் சத்து நிறைய வெளிய போயிடுது. எளவயசு மாடுன்னா எலும்புல இருக்கறத உடனே எடுத்து ரத்தத்துல ஈடு கட்டிக்கும். இது கெழடாயிடுச்சு. எலும்புல இருந்தாலும் அவசரத்துக்கு வராது. மொத நாளே ஒட்டக் கறந்தா தாங்காது."

அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ எவ்ளோம்மா கறந்த?"

வீட்டுக்காரரும் மாமியாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கன்னுக்கு விட்டுட்டு, கொஞ்சமாத்தாங்க."

இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"அப்பன்னா உன் மேல தப்பில்லம்மா. அழுவாத."