கூடைக்கு மூன்று ராத்தல்

என் மச்சான் மலையேற்றப் போட்டியில் கார் ஓட்டிய கதையை எங்கள் குடும்பத்தில் யார் சொன்னாலும் வளைவுகளைப் பற்றியும் புகையைப் பற்றியும்தான் சொல்வார்கள். அந்தக் காரை எடை போட்டவன் நான் என்பதை மரியாதைக்காக விட்டுவிடுவார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இப்போது வயதாகிவிட்டது, இனி ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது.

ஐம்பதுகளின் பிற்பாதி. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கணக்கப்பிள்ளை. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்ப வேண்டும், நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்க வேண்டும், நிறுத்ததைப் பெண்களின் கூலிக் கணக்குக்காகப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். நிறுப்பதில் எனக்கு ஒரு தலைக்கனமே உண்டு. கொக்கியில் கூடை மாட்டியதும் ஊசி ஆடி நிற்பதற்குள் எண்ணைச் சொல்லிவிடுவேன். கூடைக்கு இரண்டு ராத்தல், ஈரத்துக்கு ஒரு ராத்தல் கழிவு. அதையும் மனதிலேயே கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். ஊசி முப்பதில் நின்றால் வாய் இருபத்தேழு என்று சொல்லும். எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் கழித்தார். ஒன்பது வருடத்தில் ஒரு கூடையும் என் கையில் தாமதித்ததில்லை என்று எனக்கு மேலதிகாரியான கண்டாக்கையாவே பெரிய தொரையிடம் சொல்லியிருக்கிறார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஹட்டன் டவுனில் ஒரு கராஜில் மெக்கானிக். சுற்றுவட்டாரத் தொரைமாரின் கார்களெல்லாம் அவர் கைக்குத்தான் வரும். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் மலைப்பாதையில் ஒவ்வொன்றாகக் கார் ஏற்றி நேரம் பார்க்கிற போட்டி நடக்கும். அதற்கு முந்திய இரண்டு மாதமும் அவர் வீட்டுச் சோறு சூடாகச் சாப்பிட்டதில்லை. எல்லாக் காரையும் முடுக்கி விடுவார். போட்டியன்று வேலியோரம் நின்று, தான் முடுக்கிய கார்கள் மேலே போவதைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வருவார்.

அவருக்கென்று ஒரு கார் இருந்தது. இருந்தது என்பதைவிட, சேர்ந்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். பள்ளத்தில் விழுந்து நொறுங்கிய சின்னக் காரொன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகளில் அதன்மேல் ஒவ்வொரு சாமானாகப் பொருத்தினார். எங்கள் தோட்டத்து ரோட்டோரம், முன்பு கொழுந்து நிறுத்த கொட்டகை, பாவனையில் இல்லாத பழைய மடுவம் ஒன்று உண்டு. கண்டாக்கையாவிடம் நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிக் கொடுத்த இடம் அது. அங்கேதான் அந்தக் கார் வளர்ந்தது. மற்றவர்கள் வேடிக்கையாகப் பேசினால் அவரும் சிரிப்பார். என்னிடம் மட்டும் ஒரு தடவை உள்ளதைச் சொன்னார்.

"பதினோரு வருசமா காருக்கு அடியில மல்லாக்கப் படுத்தே கெடக்கிறேன் மாப்பிள்ள. ஒரு தடவயாவது மேல உக்காந்து அந்த மலைய ஏறிப் பாக்கணும்ங்க."

அந்த வருடம் அவர் கை ராசிக்காகவே அவரைத் தேடி வருகிற சின்னத் தொரை ஒருவர், போட்டி நடத்துகிற கிளப்பிலிருந்து விண்ணப்பப் படிவம் கொண்டுவந்து கொடுத்தார். நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். குடும்பத்தில் இங்கிலீஷ் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். பதிவுப் புத்தகத்தில் காரின் நிறம் கறுப்பு என்றிருந்தது. மச்சான் ஆசையாகப் பூசி வைத்திருந்ததோ பச்சை. கடதாசியை மாற்றப் போனால் சீசன் முடிந்துவிடும் என்பதால் காரை மாற்றினோம். இரண்டு நாள் பச்சையைச் சுரண்டிக் கறுப்பு அடித்தார். இதயமும் கண்ணும் நன்றாக இருக்கின்றன என்று டாக்டரிடம் கடிதம் வாங்கினோம். காப்புறுதிக் கடதாசியை மூன்று பிரதி எடுத்தோம்.

நாட்டினம் என்று ஒரு கட்டம் இருந்தது. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுப் பதில் வராத கடதாசி எங்கள் இருவர் வீட்டிலும் தகரப்பெட்டிக்குள் கிடந்தது. இதற்கு என்ன போடுவது என்று கேட்டேன். அவர் காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, டிக்கோயா என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன். கிளப்பில் அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த வகையில் அரசாங்கத்தைவிட அந்தக் கிளப் எவ்வளவோ மேல்.

சிக்கல் வந்தது எடைக் கட்டத்தில். வீட்டில் கட்டிய கார் என்றால், எண்ணெயும் தண்ணீரும் இல்லாமல் குறைந்தது பத்து அந்தர் இருக்க வேண்டும், அதாவது ஆயிரத்து நூற்றிருபது ராத்தல். இலேசாகக் கட்டி ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க அந்தச் சட்டம். வர்ணம் பூசுவதற்காகக் காரைக் கழற்றிப் போட்டிருந்த நேரம் அது. முழுக் காரையும் நிறுக்கத் தராசு ஏது? துண்டு துண்டாக நிறுத்துக் கூட்டிவிடலாம் என்று நான்தான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். கொழுந்துத் தராசை மடுவத்து விட்டத்தில் மாட்டினேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை நிறுத்தோம். சின்னச் சாமானைக் கூடையில் போட்டும், பெரிய சாமானைக் கயிறு கட்டியும் தொங்கவிட்டோம். மச்சான் மாட்டுவார், நான் எண்ணைச் சொல்லிப் புத்தகத்தில் எழுதுவேன். மொத்தம் நாற்பது துண்டு. விறகு பொறுக்கிவிட்டு அந்த வழியே வந்த பெண்கள் கட்டை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி என் மலையிலேயே நெடுநாள் கொழுந்தெடுக்கிறவள். வாய்க்காரி என்று பெயர் வாங்கியவள். எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் தராசின் ஊசியை வாசிக்கத் தெரியும். அன்றைக்கு அவள் உதட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

கூட்டிப் பார்த்தால் ஆயிரத்து அறுபது. அறுபது ராத்தல் குறைகிறது. மச்சானுக்கு நம்ப முடியவில்லை, கூடத்தான் இருக்கும் என்று நினைத்தேனே என்றார். என் கணக்கைச் சந்தேகிக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. இரண்டாம் தடவையும் கூட்டிக் காட்டினேன். கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. கணக்கப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் அடங்கிப்போனார். தொழிற்சாலையில் கழித்துப் போட்டிருந்த உடைந்த பல்சக்கரம் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதையும் நானே நிறுத்து, சரியாக அறுபது என்றேன். ஆசனத்துக்குப் பின்னால் அதை ஆணி முடுக்கி இறுக்கினார்.

காரைத் திரும்பப் பூட்டி முடித்த வாரம் ஒரு மாலையில், கடைசிக் கொழுந்தும் நிறுத்த பிறகு, மேல் மலைக்குப் போகிற தோட்டத்து ரோட்டில் ஏற்றிப் பார்த்தோம். கோயிலடி வளைவு அந்த ரோட்டிலேயே செங்குத்தானது. முன்பு இரும்பு இல்லாமல் ஓட்டிய நாட்களில் அந்த வளைவை முனகிக்கொண்டாவது ஏறின கார் அது. இப்போது பாதியில் இருமி நின்றது. இரண்டாம் தடவையும் நின்றது. மூன்றாம் தடவை பின்னால் உருளவே தொடங்கியது. வேலை முடிந்து லயத்து வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து தோள் கொடுத்துத் தாங்கினார்கள். நான் ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன்.

மச்சான் இறங்கிப் பாதையோரத்துக் கல்வரிசையில் உட்கார்ந்தார்.

"பாரத்த எடுத்தா சட்டம் விடாது, வச்சா மலை விடாது. அந்தக் கடதாசியக் கிழிச்சிப் போட்டுருங்க மாப்பிள்ள."

எனக்கு அழுகை வந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம். படிவம் போய்ச்சேர இன்னும் நாலு நாள்தான் இருந்தது. அப்போது தோள் கொடுத்த பெண்களில் அந்த வாய்க்காரி, பின்னால் எட்டிப் பார்த்து, கார் எதற்காக இந்த இரும்பைச் சுமக்கிறது என்று கேட்டாள். எடை குறைகிறது, அதனால் வைத்தது என்று மச்சான் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொறையாம என்ன செய்யும்? ஒவ்வொரு சாமானுக்கும் ஐயா மூணு மூணா கழிச்சாங்களே. கயித்துல தொங்குனதுக்கும் கூடைக்குன்னு கழிச்சாங்க."

ஒரு நிமிடம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மடுவத்தில் நடந்ததெல்லாம் கண்முன் வந்தது. ஊசி நாற்பத்தொன்பதில் நிற்கிறது, என் வாய் நாற்பத்தாறு என்கிறது, என் கை நாற்பத்தாறு என்று எழுதுகிறது. நாற்பது துண்டுக்கு மூன்று மூன்றாக நூற்றிருபது ராத்தல். கார் ஆயிரத்து அறுபது அல்ல, ஆயிரத்து நூற்றெண்பது. அந்தப் பல்சக்கரத்திலும் மூன்று கழித்திருந்தேன். தேவையே இல்லாத இரும்பை மச்சான் தலையில் கட்டி, அதிலும் கழிவு எடுத்த மகாராசன் நான்.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று அவளிடம் சீறினேன். குற்றம் செய்தவனுக்குத்தானே கோபம் முந்திக்கொண்டு வரும். கழிப்பதுதான் ஐயாவுக்கு வழக்கமாயிற்றே, காருக்கும் அப்படித்தான் போல என்று நினைத்ததாக அவள் சொன்னாள். பெண்கள் சிரித்த சிரிப்பு எதிர் மலையில் கேட்டிருக்கும். மச்சான் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்து அங்கேயே இரும்பைக் கழற்றிப் பள்ளத்தில் உருட்டிவிட்டார். கார் கோயிலடி வளைவை ஏறியது.

என் மனைவிதான் விடவில்லை. ஊர்க் கொழுந்தில் கழித்தது போதாதென்று என் அண்ணன் காரிலும் கழித்தீர்களா என்று கேட்டாள். அன்றிரவு எடைக் கட்டத்தில் பழைய எண்ணை வெட்டி, ஆயிரத்து நூற்றெண்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். படிவம் போனது, சம்மதக் கடிதமும் வந்தது. என் பழைய வேட்டி ஒன்றை வெட்டிக் காரில் கட்டும் இலக்கத்தைத் தைத்தவளும் அவள்தான்.

போட்டிக்கு முதல் நாள் தலவாக்கலை, நானுஓயா வழியாகக் காரிலேயே போனோம். கடதாசிக் கட்டு முழுவதும் என் மடியில். நுவரெலியாவில் ஒரு லொறிப் பட்டறையில் பெரிய தராசு வைத்துக் கார்களைப் பரிசோதித்தார்கள். பரிசோதகர் எங்கள் காரின் எண்ணெயையும் தண்ணீரையும் வடிக்கச் சொல்லி நிறுத்துப் பார்த்தார். ஆயிரத்து நூற்றெண்பத்திரண்டு. படிவத்தைப் பார்த்தார், தராசைப் பார்த்தார். மற்றவர்கள் எழுதித் தருவது ஐம்பது அறுபது ராத்தல் முன்பின்னாக இருக்கும், இதை எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று கேட்டார்.

மச்சான் என் தோளில் கை போட்டு, கேலி துளியும் இல்லாமல் சொன்னார்: "இவுங்க தோட்டத்துக் கணக்கப்புள்ளைங்க. இவுங்க கையில ராத்தல் தப்பாது."

பரிசோதகர் என் கையைக் குலுக்கினார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் நான் தலை நிமிர முடியாமல் வாங்கிக்கொண்டது அது ஒன்றுதான்.

மறுநாள் மச்சான் மலை ஏறினார். நான் முன்கூட்டியே நடந்து போய் மேலே முடிவுக் கோட்டருகே நின்றேன். கீழே வளைவுகளில் அந்தக் காரின் சத்தம் மட்டும் கேட்டது, இருமலில்லாத சத்தம். கறுப்புக் கார் கடைசி வளைவில் தலை காட்டியபோது நான் குடையை எறிந்துவிட்டுக் கத்தியதாகப் பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள். அவர் பிரிவில் கடைசிக்கு முந்திய இடம். கோட்டைத் தாண்டி நிறுத்திய பிறகும் அவர் இறங்கவில்லை. நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"கொஞ்ச நேரம் இருந்துக்கிறேன் மாப்பிள்ள. இங்கயிருந்து பாக்க நல்லாருக்கு."

நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அரை மணி நேரம் இருவரும் அங்கேயிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படியொரு நிறைவு எனக்குக் கலியாணத்தன்றும் வந்ததில்லை என்று சொன்னால் மனைவி கோபிப்பாள்.

திங்கட்கிழமை காலைக் கொழுந்து. நல்ல வெயில். வரிசையில் அந்த வாய்க்காரி வந்து கூடையை மாட்டினாள். ஊசி முப்பத்துநாலில் நின்றது. முப்பத்தொன்று என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டேன். கொழுந்தைத் தரையில் விரித்த படங்கில் கொட்டிவிட்டு வெறுங்கூடையை மாட்டச் சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒன்பது வருடத்தில் ஒரு வெறுங்கூடையை நான் மாட்டிப் பார்த்ததில்லை. ஊசி ஒன்றைத் தாண்டிக் கொஞ்சம் நகர்ந்து நின்றது. ஒன்றேகால் ராத்தல். முப்பத்திரண்டே முக்கால் என்று சொல்லி எழுதினேன். வெயிலில் ஈரத்துக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அந்த வாரமே கண்டாக்கையா காரணம் கேட்டபோது அவர் முன்னாலும் வெறுங்கூடையை மாட்டிக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆனால் அன்று காலை அவள் உடனே நகரவில்லை. கூடையை முதுகில் போட்டுக்கொண்டு, கோபமில்லாமல் சிரித்த முகமாகவே கேட்டாள்.

"காருக்குக் கழிச்ச நூத்தி இருவதையும் ஐயா ஒரே ராத்திரியில திருப்பிப் போட்டுட்டீங்க. எங்களுக்கு இன்னையிலயிருந்துதானுங்களா?"

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு அடுத்த கூடையைக் கூப்பிட்டேன். அது வந்து கொக்கியில் தொங்கியது, ஊசி ஆடி நின்றது, எனக்கு எண் சொல்ல வாய் வரவில்லை.