தென்கிழக்கே பார்த்த தட்டு

டிஷ்ஷைத் தேங்காய் மாதிரி விரல் மடக்கித் தட்டிப் பார்த்து வாங்கிய ஆள் இந்தப் புனேயிலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். கட்கி கடைத்தெருவில் இருந்த அந்த டிவி கடையில் சுவரோரமாகத் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா ஒவ்வொன்றையும் டங் டங்கென்று தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்டார், விளிம்பை நகத்தால் சுரண்டினார். எல்லாம் ஒரே தட்டுதான் அங்கிள், தென்கிழக்கு வானம் மறைப்பில்லாமல் தெரிந்தால் போதும் என்று கடைக்காரர் இந்தியில் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவருக்கு இரும்பைப் பற்றி ஒரு கடைக்காரர் பாடம் எடுப்பதா? நான் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிட்டேன். அப்பாவால் வரக்கூடிய வெட்கம் இவ்வளவுதான் என்று அன்றைக்கு நினைத்திருந்தேன்.

கேபிள்காரர் தமிழ் சேனல்களை நிறுத்திவிட்டதால்தான் டிஷ் வாங்கும்படி ஆயிற்று. எங்கள் பால்கனி மேற்கே பார்த்தது. அதனால் தட்டை மொட்டைமாடியில் வைத்து, மாடிக்கு நேர் கீழே இருந்த வீட்டின் ஜன்னல் வழியாக வயரை இறக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டில் பாய் குடும்பம் வாடகைக்கு இருந்தது. பாய் எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். புனே ஊருக்குள் ரெக்ஸின் கடை வைத்திருந்தார். அவர்களுக்கு வீடு கொடுக்க எங்கள் குடியிருப்பு சொசைட்டியில் பலர் முகம் சுளித்தபோது, "நம்ம ஊரு ஆளு, நான் பொறுப்பு" என்று எழுந்து நின்று சொன்னவர் என் அப்பா. அந்த நன்றியைப் பாய் மறக்கவே இல்லை. டிஷ் மாட்டிய அன்று கடைக்குப் போகாமல் வெயிலில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே ஹாலில் இருந்து அப்பா போனில் "வருது, வருது... ஏ, போச்சு!" என்று கத்த, மேலே இருந்து பாய், "இப்போ எப்படி அண்ணாச்சி? தெளிவா இருக்கா?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

வாரம் முழுக்கப் படம் கண்ணாடி மாதிரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும் கெட்டது. காலையில் பட்டிமன்றம் பார்க்க அப்பா தோதாக உட்காரும் நேரத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து, கடைசியில் சிக்னல் இல்லை என்று நீலத் திரையில் வந்து நிற்கும். அப்பா வாய்க்குள் முனகிக்கொண்டே மாடி ஏறுவார். ஏறி இறங்கினால் படம் வந்துவிடும். இது வாராவாரம் நடந்தது. மெக்கானிக் வேலை நாளில் வந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று போய்விட்டார். அப்பா கடைக்குப் போய் இன்னும் பெரிய தட்டாகப் பார்த்து, அதையும் தட்டிக் கேட்டு, வாங்கி வந்து மாட்டினார். அதுவும் ஞாயிற்றுக்கிழமை படுத்துக்கொண்டது.

அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் பாய் வீட்டுப் பிள்ளைகள் மாடியில் விளையாடுகிறார்கள். அவர்கள்தான் தட்டைத் திருப்பி விடுகிறார்கள். இவர் படியேறும் சத்தம் கேட்டதும் பழையபடி வைத்துவிட்டு ஓடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அவ்வளவு நேக்கு ஏது என்று அம்மா கேட்டதற்கு, "சொல்லிக் குடுக்க ஆளு இருந்தா எல்லாம் வரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் அலுவலகத்துக்கான துணியை இஸ்திரி போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் பாய் கீழே வந்து மணி அடித்தார். "அண்ணாச்சி, அந்த டிஷ் விஷயமா ஒண்ணு சொல்லணும்." கிரில் கதவைத் திறக்காமலே அப்பா, "எனக்கு விளக்கம் ஒண்ணும் வேண்டாம், பாய்" என்று உள்கதவைச் சாத்தினார். அந்த வாரமே சொசைட்டிக் கூட்டத்தில் எழுந்து, மேல் வீட்டுக்காரர்கள் என் பொருளில் கை வைக்கிறார்கள் என்று தன் உடைந்த இந்தியில் சொன்னார். ஒரு டிஷ்ஷைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று அவர் நினைத்தார். கூட்டம் அதற்காகவே காத்திருந்த மாதிரி பிடித்துக்கொண்டது. "ஆம்ஹி ஆதீச் சாங்கித்லம் ஹோத்தம்" என்றார் ஒருவர். நாங்கள் அப்போதே சொன்னோமே என்று. பொறுப்பு ஏற்றவரே குறை சொல்கிறார், இனி என்ன வேண்டும்? பாய் இருந்த வீட்டின் சொந்தக்காரருக்குப் போன் போனது. மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் பக்கத்துத் தெருவில். பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் போனபோது, காலையில் ஒரு தடவை மாடி ஏறி இறங்கியதில் அப்பாவுக்கு முழங்கால் வலி. என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார். மாடியில் பிள்ளைகளும் இல்லை, பெரியவர்களும் இல்லை. டிஷ்ஷுக்கு நேர் எதிரே கொடிக்கயிற்றில் அப்பாவின் எட்டு முழ வேட்டி, ஒரு சுருக்கம் இல்லாமல் விரித்துப் போட்டபடி, சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை வேறு யாரையும் துவைக்க விடமாட்டார். ஞாயிறு காலையில் தானே துவைத்து, தானே மாடியில் காயப்போட்டுவிட்டு வந்துதான் டிவி முன்னால் உட்காருவார். படம் போனதும் மேலே வருவார். வந்த கையோடு, மிச்ச ஈரம் பால்கனியில் காயட்டும் என்று வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டு இறங்குவார். ஈரத்துணி மறைப்பு போனதும் படம் வராமல் என்ன செய்யும்! நான் வேட்டியை ஓரமாகத் தள்ளினேன். கீழே பட்டிமன்றத்தின் கைதட்டல் கேட்டது. ஐயோ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவைக் கைப்பிடித்து மேலே கூட்டி வந்து காட்டினேன். வேட்டியை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "ஏட்டி, இதை யாருட்டயும் சொல்ல வேண்டாம்" என்றார். "சொல்லித்தான் ஆகணும்ப்பா" என்று அவர் கையை விடாமல் பாய் வீட்டுக்கு இழுத்துப் போனேன். வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். அப்பா தலையை நிமிர்த்தாமல், "பாய், என் வேட்டிதான்" என்று ஆரம்பித்தார். பாய்க்கு அது புதிதாக இல்லை. "தெரியும் அண்ணாச்சி. வீட்டுல பார்த்துட்டு வந்து சொன்னா. அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமையே வேட்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கலாமே அக்கா என்று நான் அவர் மனைவியிடம் அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். அவர் பெட்டிக்குக் கயிறு கட்டுவதை நிறுத்தவில்லை. "உங்க அப்பா வேட்டியில எங்க கை பட்டா, அதுக்கும் ஒரு பேச்சு வருமேம்மா" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இப்போது தமிழ் சேனல்கள் எல்லாம் வைஃபையில் வருகின்றன. டிஷ்ஷைக் கழற்றிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டாயிற்று. பாய் குடும்பம் ஊரின் மறுகோடியில் இருக்கும் கோண்ட்வா பக்கம் போய்விட்டது. பிள்ளைகள் பரீட்சை முடியும்வரை பஸ் மாறி மாறி வந்து போனார்கள். உறவுக்காரர்கள் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால், "நாங்கதான் போய் உள்ளதைச் சொல்லிட்டோமே" என்று அப்பா சொல்வார். சொன்னோம்தான். பாய் வீட்டிலிருந்து இறங்கி நேராகச் சொசைட்டி செக்ரட்டரி வீட்டுக்குப் போனோம்.

செக்ரட்டரி எங்களை ஹாலில் உட்கார வைத்தார். அப்பா நின்றுகொண்டே சொன்னார்: "கல்தி மேரா ஹை. மேரா ஹீ கப்டா தா." தப்பு என்னுடையது, துணியும் என்னுடையதே என்று அதையே மூன்று தடவை சொன்னார். அவர்களைப் போகச் சொல்லாதீர்கள் என்று நானும் சொன்னேன். செக்ரட்டரிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வேட்டியா, வேட்டியா என்று கேட்டு, உள்ளே இருந்த மனைவியையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார். பிறகு அப்பாவின் தோளில் கை போட்டு உட்கார வைத்து, "சோடோ நா காகா. ஜோ ஹுவா, அச்சா ஹீ ஹுவா" என்றார். விடுங்கள் பெரியவரே, நடந்தது நல்லதுதான் என்று. நீங்கள் இல்லாவிட்டால் அவர்களை எப்படிக் கிளப்பியிருப்போம் என்றும் கேட்டார். அதற்குள் அவர் மனைவி இஞ்சி தட்டிப் போட்ட டீயும் தட்டு நிறைய சக்லி முறுக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அப்பா டீயை எடுத்துக் குடித்தார். நானும் குடித்தேன்.