முதலில் எங்கே பார்த்தீர்கள்

கனடாவின் குடியேற்ற அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் வந்தபோது எங்களுக்குத் திருமணமாகிப் பதினாலு மாதம் ஆகியிருந்தது. அதில் நானும் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தது மொத்தம் இருபத்திரண்டு நாள். அவள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். நான் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பள்ளி ஒன்றில் கணக்கு வாத்தியார். கணவனை அழைத்துக்கொள்வதற்கு அவள் மனுப் போட்டிருந்தாள். மனுவைக் கள்ளக்குறிச்சியில் பார்த்துக்கொண்டவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவர். வெளிநாடு போகிறவர்களின் காகித வேலையெல்லாம் அவர்தான் செய்துகொடுப்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் போன் செய்து உடனே வரச்சொன்னார். போனதும் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லியா?"

"ஏன்?"

"மொதல்ல எங்க பாத்தீங்கன்னு ரெண்டு பேர் கிட்டயும் தனித்தனியா கேட்டிருக்காங்க. நீங்க ஒண்ணு எழுதியிருக்கீங்க, மேடம் ஒண்ணு எழுதியிருக்காங்க. கல்யாணமே நெசந்தானான்னு சந்தேகமா இருக்குதாம். முப்பது நாள்ல விளக்கம் சொல்லணும்."

நான் எழுதியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. திருக்கோவிலூரில் அவளுடைய அண்ணன் வீட்டில், பெண் பார்க்கப் போன அன்று. அம்மா, அப்பா, சித்தப்பா என்று எங்கள் ஊர் களமருதூரிலிருந்து ஒரு வேன் நிறையப் போயிருந்தோம். அவள் நீல நிறப் புடவையில் வந்து நின்று, என்னை மட்டும் நேராகப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு தைரியமாகச் சிரிக்கிறாளே என்று சித்தப்பா திரும்பி வரும்போது வேனில் சொன்னார்.

அவள் எழுதியிருந்தது வேறு. அதற்கு ஆறு வருடம் முன்பே, கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை போகும் பேருந்தில் என்னைச் சந்தித்ததாக எழுதியிருந்தாள்.

நான் அதை இரண்டு முறை படித்தேன். பிறகு கடைக்காரரிடம், "இது வேற யாரோட மனுவாவது கலந்துடுச்சா?" என்று கேட்டேன். அவர் அவளுடைய கையெழுத்தைக் காட்டினார்.

அவள் கனடா போவதற்கு முன் ஏழு மாதம் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்ஸாக இருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அது வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போகவேண்டிய ஊர். அந்தக் காலத்தில் நானும் மலையில்தான் இருந்தேன். ஆனால் அவளைப் பார்த்ததாக எனக்கு எந்த நினைவும் இல்லை.

மறுநாள் மாலை அவளைக் கூப்பிட்டேன். எனக்கு மாலை என்றால் அவளுக்குக் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வெள்ளிமலையில் என் வாடகை வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுவேன்.

"பஸ்ல பாத்தேன்னு எழுதியிருக்கியே, எந்த பஸ்சு?"

அவள் பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு நெசமாவே ஞாபகம் இல்லியா?" என்றாள்.

பிறகு சொன்னாள். வேலையில் சேர்வதற்காக முதல் தடவை மலைக்கு வந்த நாள். கச்சிராயபாளையம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்திருக்கிறது. பக்கத்து சீட்டில் இருந்த ஆள் சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்து, ஜன்னல் சீட்டையும் விட்டுக்கொடுத்து, அவளுடைய பையை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். அவள் மனசு வேறு பக்கம் போகட்டும் என்று, தன் கையில் இருந்த பரீட்சைப் பேப்பர்களில் பிள்ளைகள் செய்திருந்த தப்புகளைக் காட்டிச் சிரிக்கவைத்திருக்கிறான். வெள்ளிமலைப் பள்ளியில் வாத்தியார் என்று சொன்னானாம். பேர் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இறங்கியதும் அவள் போகவேண்டிய ஊருக்கு ஜீப்பையும் காட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

"ஒல்லியா, உயரமா, மீசை, கண்ணாடி. நீங்கதான். அண்ணன் உங்க போட்டோவ அனுப்புனப்ப பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. வெள்ளிமலை வாத்தியார்னும் போட்டிருந்துச்சு."

"இருவத்திரண்டு நாள்ல ஒரு வார்த்தை சொல்லலியே?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். அப்புறம் கேக்க வெக்கமா இருந்துச்சு."

நான் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். திருமணம் பேசும்போது எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. கனடாவில் வேலை பார்க்கிற பெண், எத்தனையோ வரன்களை வேண்டாம் என்று சொன்னவள், முப்பத்தொன்பது வயதில் மலையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை எதற்காகப் பிடித்திருக்கிறது என்றாள்? எனக்கும் விளங்காமல்தான் இருந்தது. ஒரு வழியாக, நம்மிடமும் ஏதோ இருக்கிறது போல என்று சமாதானம் செய்துகொண்டிருந்தேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் காரணம் நான்தானா என்று எனக்குத் தெரியவில்லை.

எலுமிச்சம்பழத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும் பழக்கம் எனக்கு இல்லை. அந்தப் பழக்கம் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் முன்பு தமிழ் வாத்தியாராக இருந்தவர். அவரும் ஒல்லி, உயரம், மீசை, கண்ணாடி. எங்கள் இருவரையும் அண்ணன் தம்பியா என்று ஊரில் பலர் கேட்டிருக்கிறார்கள். மாறுதல் வாங்கிக்கொண்டு கீழே போய், கள்ளக்குறிச்சியில் மனைவி பிள்ளைகளோடு இருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டேன்.

"எலுமிச்சம்பழமா? அது நான்தான் சார். எனக்கே அந்த வளைவுல தல சுத்தும். கூட வர்றவங்களுக்கும் குடுப்பேன். நெறைய பேருக்குக் குடுத்திருக்கேன். ஒரு நர்ஸ் பொண்ணா? இருக்கலாம். இன்னா விசயம்?"

கனடாவுக்கு ஒரு விவரம் வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எலுமிச்சம்பழத்துக்கும் கனடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் வாசல் வரை வந்து என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று களமருதூருக்குப் போய்த் தங்கினேன். அம்மாவிடம் கடிதத்தைப் பற்றி மட்டும் சொன்னேன். "தாலி கட்டுனத ஊரே பாத்துச்சு. இன்னும் இன்னாடா சாட்சி வேணுமாம் அவனுங்களுக்கு?" என்றாள். அப்பா நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். திரும்பி வந்து அவரும் அதையேதான் கேட்டார். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை மாலை மனைவியிடம் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்கும் திறமை எனக்கு இல்லை. தமிழ் வாத்தியார் பேச்சை அப்படியே சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றாள்.

"ஆயிடுச்சு. ரெண்டு பசங்க. நீ எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான் கேட்டேன்." பிறகு சட்டென்று, "இல்ல. அது கணக்குப் பேப்பர். ஏழும் எட்டும் பதினாறுன்னு ஒரு பையன் போட்டிருந்தான். தமிழ் வாத்தியார் எதுக்குக் கணக்குப் பேப்பரத் தூக்கிக்கினு வர்றாரு?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. எனக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு மாதம் ஊரில் கிடந்தபோது, என் வகுப்புப் பேப்பர்களைக் கீழே கொண்டுவந்து கொடுத்து, திருத்தியதும் மேலே எடுத்துப் போனவர் அந்தத் தமிழ் வாத்தியார்தான். அது எந்த வருடம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"அப்ப நீங்க இல்லியா?"

"தெரியல."

"நீங்கதானா?"

"அதுவும் தெரியல."

"இன்னாங்க இது..." என்று பாதியில் நிறுத்தினாள். அழுகிறாளா, எரிச்சலா என்று தெரியவில்லை. "அதனாலதான் உங்களக் கட்டிக்கினேன்னு இல்ல. ஆனா அதுவும்தான்" என்றாள். வேலைக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

பிறகு நான்கு நாள் எங்களுக்குள் வந்த செய்திகளெல்லாம் "சாப்டீங்களா", "ம்", "சாப்டியா", "ஆச்சு" என்பவைதான். இந்த மாதிரிச் செய்திகளை மனுவோடு முந்நூறு பக்கம் அச்சடித்து வைத்திருந்தோம். புரட்டிப் பார்த்த கடைக்காரர், "இதப் பாத்தே நம்பணும் சார், லவ் பண்றவங்க இப்பிடிப் பேச மாட்டாங்க" என்று அப்போது சிரித்திருந்தார்.

கெடு முடிய இரண்டே நாள் இருக்கும்போது கடைக்குப் போனேன். விளக்கக் கடிதத்தை அவரே தயார் செய்து வைத்திருந்தார். பேருந்தில் சந்தித்ததை நான் மறந்துவிட்டேன், இப்போது மனைவி நினைவுபடுத்தியதும் எல்லாம் தெளிவாக நினைவுக்கு வந்துவிட்டது என்று நான் சொல்வதுபோல் நல்ல ஆங்கிலத்தில் இருந்தது. படித்தேன். எலுமிச்சம்பழம், பை, ஜன்னல் எல்லாம் இருந்தன. படிக்கப் படிக்க அந்த வளைவும் அந்த ஜன்னலும் எனக்கே கண்ணில் தெரிவது போல இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு அவங்க போன்ல கூப்பிட்டு, அன்னிக்கு என் பொண்டாட்டி இன்னா கலர் டிரஸ்னு கேட்டா நான் இன்னா சொல்றது?" என்றேன்.

"நீலம்னு சொல்லுங்க சார். ஜாஸ்தி பேரு நீலந்தான் போடுறாங்க."

நான் வேறொன்று எழுதினேன். நேர்மை என்று அதைச் சொல்ல மாட்டேன். ஒரு பொய்யை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். 'என் மனைவி எழுதியது பொய்யில்லை. நான் எழுதியதும் பொய்யில்லை. அந்தப் பேருந்தில் இருந்தது நான்தான் என்று அவள் நம்புகிறாள். எனக்கு நினைவில்லை. அது என்னைப் போல இருந்த வேறொருவராகவும் இருக்கலாம். திருமணம் செய்துகொண்டது என்னை.' இதைக் கடைக்காரர் ஆங்கிலத்தில் அடித்துக்கொடுத்தார். அடித்துவிட்டு, "சார், இத அனுப்புனா கண்டிப்பா ரிஜெக்ட்டுதான்" என்றார். இரண்டிலும் கையெழுத்துப் போடச் சொன்னார். இரண்டு நாள் யோசித்து எதை அனுப்புவது என்று போனில் சொன்னால் போதும் என்றார். போட்டேன்.

கூடவே வைக்கச் சாட்சிக் கடிதங்களும் கேட்டார். திருமணம் முடிந்து அவள் மலையில் என்னோடு எட்டு நாள் இருந்தாள். என் வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா அதைச் சொல்ல, நான் எழுதி, அவர் கைநாட்டு வைத்தார். "பொண்ணு நல்ல பொண்ணு. சாமைச் சோத்த ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் தின்னுச்சு. அதயும் எழுதுங்க சார்" என்றார். எழுதினேன்.

இரண்டாம் நாள் காலையில் மனைவியிடம் இரண்டு கடிதங்களையும் படித்துக் காட்டினேன். "உங்களுக்கு எது சரின்னு படுதோ அத அனுப்புங்க. எனக்கு எதுவும் புரியல" என்றாள். தொட்டியடியில் நின்றபடியே கடைக்காரரைக் கூப்பிட்டேன். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது. "நான் எழுதுனதயே அனுப்பிடுங்க" என்றேன். "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். இணைப்பு அறுந்தது. சாயங்காலம், அனுப்பியாயிற்று என்று ஒரு செய்தி வந்தது.

இரண்டு மாதத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டை அனுப்பச் சொல்லித் தகவல் வந்தது. ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எதனால் ஒப்புக்கொண்டார்கள் என்று ஒரு வரியும் இல்லை. நான் கள்ளக்குறிச்சிக்குப் போய் எங்கள் மனுவின் கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். விளக்கம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு கடிதங்கள் இருந்தன.

"ரெண்டும் போயிருக்குதே!"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "நீங்க பேசுறது விட்டு விட்டு வந்துச்சு சார். 'அனுப்பிடுங்க'ன்றது மட்டுந்தான் கேட்டுது. எதுன்னு தெரியல. திரும்பக் கூப்புட்டா லைன் கெடைக்கல. அன்னிக்குக் கடைசி நாளு. ரெண்டையும் ஏத்திட்டேன்."

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று ஒரு கடிதம். எனக்கு நினைவே இல்லை என்று இன்னொரு கடிதம். இரண்டிலும் என் கையெழுத்து. இரண்டையும் ஒருவர் உட்கார்ந்து படித்துவிட்டு, இவர்கள் கணவன் மனைவிதான் என்று முடிவு செய்திருக்கிறார். அவர் என்ன நினைத்தார் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை. மனைவியிடம் சொன்னபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அந்த நான்கு நாளுக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்துக் கேட்டேன்.

இப்போது நான் அவளோடு இருக்கிறேன். வந்து ஏழு மாதம் ஆகிறது. ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. வாத்தியார் வேலைக்கு இங்கே இன்னும் படிக்க வேண்டுமாம். அவளுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஒருவர் வரும்போது மற்றவர் கிளம்புவோம். எந்த அலமாரியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் எடுக்க இப்போதுதான் பழகியிருக்கிறேன். அவளுக்கு முட்டை பிடிக்காது, கோபம் வந்தால் பாத்திரம் கழுவுவாள் என்பதெல்லாம் இங்கே வந்த பிறகு தெரிந்துகொண்டவை.

போன மாதம் அவளோடு வேலை செய்யும் ஒரு மலையாளிப் பெண் கணவரோடு சாப்பிட வந்திருந்தார். நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள் என்று கேட்டார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மனைவி என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, "வீட்டுல பாத்து முடிச்சதுதான்" என்று சொல்லிக் குழம்பை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

பேருந்துக் கதையை அவள் மனசிலிருந்தே விட்டுவிட்டாளா, இல்லை எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று சொல்லாமல் விட்டாளா என்று தெரியவில்லை. கேட்கலாம் என்று இருந்தேன். விருந்தாளிகள் போனதும் அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள்; நான் மிச்சத்தை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.